காலியிடம்

மூன்றாம் முறையாக விளம்பரம் கொடுத்தோம்.
காலியிடம்: ஒன்று. காலம்: அறுபது வேலைநாள்.
லெசோதோ நாட்டின் புகையையும் மழையையும்
படிவத்தில் ஏற்றித் தர ஓர் ஆலோசகர் தேவை.
முதல் முறை யாரும் விண்ணப்பிக்கவில்லை.
இரண்டாம் முறை ஒருவர் கேட்ட தொகைக்கு
நூறு மழைமானிகள் வாங்கலாம்,
அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைக்கலாம்.

மூன்றாவதாக வந்தாள் ஜெப்கெமோய், எல்டோரெட்காரி.
மசேருவின் ஜூன் குளிரைப் பற்றி
ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லையே என்றாள்.
என் இரண்டாவது கம்பளியைக் கொடுத்தேன்.
அதற்கும் ரசீது கேட்டது கொள்முதல் பிரிவு.

உங்கள் மாடுகள் எத்தனை?
எதற்கு என்று சொன்னால்தான் சொல்ல முடியும்.
தடுப்பூசிக்கு என்றால் நாற்பது,
வரிக்கு என்றால் பதினேழு,
திருட்டுப் புகாருக்கு என்றால் அறுபத்து மூன்று.
ஒரே ஆள். ஒரே பட்டி.
'ஏப்பத்துக்கு' என்றாள் அவள்.
அசைபோட்டபடி மாடு விடுகிற ஏப்பத்துக்கு.
அதைக் கேட்டு இதுவரை
ஒருவரும் எங்கள் மலை ஏறியதில்லை.
பொய் சொல்லக்கூட எங்களுக்கு
ஓர் எண் தோன்றவில்லை.

சாணத்திலேயே ஒரு வாரம் போனது.
காய்ந்து அடுப்பில் எரிந்தால் எரிசக்தி,
பட்டியிலே கிடந்தால் வேளாண்மை.
இரண்டு முறை எண்ணிவிடாமலிருக்க
படிவத்தில் ஒரு குறி உண்டு:
வேறிடத்தில் சேர்க்கப்பட்டது.
வெல்கொம் சுரங்கத்துக்குப் போன என் அண்ணனும் அப்படித்தான்.
எல்லைக்கு அந்தப் பக்கம்
அவனுக்கு வேறொரு மனைவி, வேறொரு தலையெண்ணிக்கை.
இதை அவளிடம் சொல்லவில்லை.
அடுத்த வரிக்குப் போனோம்.

பிறகு அந்தப் பிப்ரவரி.
மொகொட்லோங்கின் மழைப் பதிவேட்டில்
பதினோரு நாள் தொடர்ந்து
நான்கு புள்ளி இரண்டு
நான்கு புள்ளி இரண்டு
என்று ஒரே கையெழுத்து.
திரை சிவந்தது.
வானம் அவ்வளவு ஒழுங்காய் இருக்காது என்றாள் ஜெப்கெமோய்.
தொலைபேசி எடுபடவில்லை. வண்டியில் போனோம்,
பனி உருகிய சேற்றில் இரண்டு முறை இறங்கித் தள்ளி.

மானியைப் பார்த்துக்கொள்பவள் மாட்செலிசோ,
மருந்தகத்தின் எழுத்தர்.
பதிவேட்டைப் பார்த்ததும்
கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.
அந்தப் பதினோரு நாளும்
லெரிபே மருத்துவமனையில் இருந்திருக்கிறாள்,
மகனின் கட்டிலுக்குக் கீழே படுத்து.
திரும்பி வந்தபோது பதினோரு கட்டங்கள் வெள்ளையாக இருந்தன.
'வெற்றாக விட்டால்
மழையே இல்லை என்று எண்ணிவிடுவீர்களே.
கடைசியாக நான் பார்த்த மழையை எழுதினேன்.'
மகன்?
அதை நாங்கள் கேட்கவில்லை.
கொடியில் சின்னச் சட்டை ஏதாவது காய்கிறதா என்று
இரண்டு பேருமே பார்த்தோம்.

அன்றிரவு விடுதியில்
அவள் கணினி முன் வெகுநேரம் இருந்தாள்.
பக்கத்து நிலையத்தின் மழையைக் கடன் வாங்கி நிரப்பலாம்,
அதற்குச் சூத்திரம் இருக்கிறது.
கட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு நிறைந்தால்தான்
இறுதித் தவணை என்கிறது ஒப்பந்தம்.
அதை எழுதியவனே நான்தான்.
ஏட்டு மழை எந்தச் சோளத்தை நனைக்கும்?
பதினோரு எண்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள்,
மொத்தமாக அழிக்க ஒரு விசை இருந்தும்.
நிகழவில்லை என்று ஒரு குறி உண்டு,
மதிப்பிடப்படவில்லை என்று ஒரு குறி உண்டு.
இரண்டாவதைப் போட்டாள்.
எண்பத்தொன்பது புள்ளி ஒன்பது.

கம்பளியைத் துவைத்து மடித்துத் தந்துவிட்டு
ஆகஸ்டில் ஊர் போனாள்.
ரசீதைக் கிழித்துப் போட்டேன்.
தவணை இன்னும் போகவில்லை.
நிதித்துறையிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது:
குறைவுக்குக் காரணம் கூறுக,
ஒரு வரிக்கு மிகாமல்.

மூன்று நாளாக அதை மேசையில் வைத்துப் பார்க்கிறேன்.
மாட்செலிசோ, மருத்துவமனை, கட்டிலடி
எதுவும் ஒரு வரியில் அடங்கவில்லை.
இன்று மாலை, அலுவலகம் பூட்டும் நேரத்தில் எழுதினேன்:
மழை பெய்தது.